எம்.டி. சர்வே எடுக்கச் சொல்கிறார்... எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 340 பேர் வேலை செய்யும் ஓர் உற்பத்தி நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். இவர்களில் 220 பேர் மூன்று ஷிப்டுகளில் உற்பத்திப் பிரிவில் இருப்பவர்கள். மற்றவர்கள் அலுவலகம், விற்பனை, கணக்கு. கடந்த ஆறு மாதத்தில் 31 பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஊழியர்களின் மனநிலையைத் தெரிந்துகொள்ள ஒரு சர்வே எடுத்துப் பதினைந்து நாளில் ரிப்போர்ட் தரும்படி எம்.டி. சொல்லியிருக்கிறார். இணையத்தில் தேடி 72 கேள்விகள் திரட்டி வைத்திருக்கிறேன். "பெயர் எழுத வேண்டாம், ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு மட்டும் தெரிந்தால் நல்லது" என்கிறார் எம்.டி. இரண்டு வருடத்துக்கு முன்பும் ஒரு சர்வே எடுத்தோம். பாதிப் பேர்தான் பதில் தந்தார்கள். ஷிப்ட் அட்டவணையை முந்தின நாள் சாயங்காலம்தான் ஒட்டுகிறார்கள் என்பதே அதிகம் பேர் எழுதிய குறை. ரிசல்ட்டை யாருக்கும் சொல்லவில்லை, அட்டவணையும் இன்றுவரை அப்படியேதான். இந்த முறையாவது ஒழுங்காகச் செய்ய நினைக்கிறேன். எத்தனை கேள்வி கேட்கலாம்? யாரிடம் கேட்பது? மெயில் ஐடி இல்லாதவர்களை என்ன செய்வது? ரிப்போர்ட் வந்த பிறகு என்ன? வழி சொல்லுங்கள் மேடம்.

பதில்: நீங்கள் கேட்ட நாலு கேள்விக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "அட்டவணையும் இன்றுவரை அப்படியேதான்" என்று. அதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் ஆட்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். நீங்கள்தான் அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த நிலையில் புதிதாக ஒரு படிவத்தைக் கொண்டுபோய் நீட்டினால், "போன தடவை எழுதினதுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். போன முறை பாதிப் பேர் எழுதினார்கள் என்றால், இந்த முறை அதுவும் தேறாது.

ஆகவே சர்வேயைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அட்டவணையைச் சரிசெய்யுங்கள். ஒரு வாரம் முன்பே ஒட்ட முடியுமா, அது முடியாதென்றால் நாலு நாள் முன்பாவது முடியுமா என்று உற்பத்தி மேலாளரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கும் காரணங்கள் இருக்கும். ஆர்டர் கடைசி நேரத்தில் மாறுகிறது, ஆள் திடீரென்று லீவு போடுகிறார், இப்படி. எல்லாவற்றையும் கேட்டு, நிச்சயமாகக் காப்பாற்றக்கூடிய ஓர் ஏற்பாட்டுக்கு வாருங்கள். அப்புறம் அறிவிப்புப் பலகையில் எம்.டி. கையெழுத்தோடு நாலு வரி: இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் எழுதிய முதல் குறை இது, இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டது எங்கள் தவறு, இந்தத் தேதியிலிருந்து இப்படி. ஒட்டிவிட்டு இரண்டு மாதம் விடுங்கள். சொன்னபடி அட்டவணை வருகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். புது சர்வேக்கு நீங்கள் வேறு விளம்பரமே செய்ய வேண்டியதில்லை. எம்.டி. வைத்த பதினைந்து நாள் கெடுவுக்கு என்ன வழி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். 31 பேர் ஏன் போனார்கள் என்பதுதான் எம்.டி.யின் கவலை என்றால், அதற்குச் சர்வே நேரடியான மருந்து அல்ல. சர்வேயில் பதில் சொல்லப்போவது போகாமல் இருப்பவர்கள். போனவர்களைப் பற்றிய தகவல் உங்கள் பீரோவிலேயே இருக்கிறது. அந்த 31 பேரில் எத்தனை பேர் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் போனார்கள்? எந்த ஷிப்ட்? எந்த சூப்பர்வைசரின் கீழே? ஒரு தாளில் கட்டம் போட்டு நிரப்பினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிக்கு அவர்களில் பத்துப் பேருக்குப் போன் செய்யுங்கள். வேலையை விடும் நாளன்று "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்தவர், இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் உள்ளதைச் சொல்வார். அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதல்லவா!

சரி, சர்வேக்கு வருவோம். உங்கள் 72 கேள்விகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் விடுங்கள். "இதற்கு மோசமான பதில் வந்தால் யார், என்ன செய்வார்?" என்பதை அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். எம்.டி.யையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. கட்டம் காலியாக நிற்கிற கேள்விகளை அடித்துவிடுங்கள். நான் இதை எங்கே செய்தாலும் கேள்விகள் பாதிக்குக் கீழே வந்துவிடுகின்றன. 30, 35 கேள்விகள் போதும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் போனால், கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் நேர்கோடாக டிக் விழுந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

சம்பளம் பற்றிக் கேட்கலாமா என்று இந்த இடத்தில் எல்லோரும் தயங்குவார்கள். "உங்கள் சம்பளம் திருப்தியாக இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது கேட்காமலே தெரியும், அதை வைத்து இந்த வருடம் எதுவும் செய்யப் போவதும் இல்லை. ஆனால் "என் சம்பளமும் ஓவர்டைமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பது எனக்குப் புரிகிறது" என்று போட்டால், அதற்குப் பாதிப் பேர் இல்லை என்றாலும் ஒரே வாரத்தில் சரிசெய்துவிடலாம். என் அனுபவத்தில் சம்பளக் கோபத்தில் கணிசமான பங்கு, சம்பளச் சீட்டு புரியாததால் வருகிற கோபம்.

இப்போது எம்.டி. சொன்னது. "எனக்கு மட்டும் தெரிந்தால்" என்பது.

அவரிடம் வளைத்துப் பேசாதீர்கள். பெயர் எழுத வேண்டாம் என்று அறிவித்துவிட்டுப் பின்னால் அடையாளம் வைத்துக்கொள்வது, சொன்ன வார்த்தைக்குத் துரோகம். அதை விடுங்கள், காரியமாகவும் அது வீண். யாருக்கோ தெரியும் என்ற சந்தேகம் வந்த நிமிடத்திலேயே எல்லோரும் "எல்லாம் நல்லா இருக்கு" என்று எழுதிவிடுவார்கள். எம்.டி. கைக்கு வரப்போவது பெயரோடு கூடிய 340 பொய்கள். "உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரிய வேண்டுமா, என்ன சொன்னார்கள் என்று தெரிய வேண்டுமா? ஒன்றுதான் கிடைக்கும்" என்று கேளுங்கள். பெரும்பாலான முதலாளிகள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். புரிந்துகொள்ளாதவர் என்றால் சர்வே எடுக்காதீர்கள், உங்கள் பெயர்தான் கெடும்.

சந்தேகம் எவ்வளவு சின்ன விஷயத்தில் வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் காகிதப் படிவம் கொடுத்துச் சர்வே எடுத்தேன். பெயர் கிடையாது, துறை மட்டும்தான். முதல் ஷிப்டில் எல்லாப் பதிலும் ஐந்துக்கு நாலு, ஐந்துக்கு நாலு என்று வந்து விழுந்தது. எனக்கு ஒரே பெருமை. மத்தியானம் வயதான ஒருவர் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கீழே வலது மூலையில் பொடி எழுத்தில் ஓர் எண். "மேடம், இது என் நம்பரா?" என்றார். அச்சகத்தில் பில் புத்தகம் அடிக்கிற பழக்கத்தில் தாளுக்குத் தாள் வரிசை எண் போட்டுவிட்டிருந்தார்கள். நான் கவனிக்கவே இல்லை. அந்த மூலையைக் காலை ஆறு மணிக்கே அத்தனை பேரும் பார்த்துவிட்டிருந்தார்கள். எல்லாப் படிவத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, எண் இல்லாமல் அடித்து, அடுத்த வாரம் மறுபடி போனோம். நாலு வரவில்லை. இரண்டும் ஒன்றும் வந்தன.

ஆன்லைன் படிவத்திலும் இதே மாதிரி மூலைகள் உண்டு. கூகுள் ஃபார்ம்ஸில் "ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்" என்ற வசதியைப் போட்டால், லாக்-இன் செய்தால்தான் படிவம் திறக்கும். மெயில் ஐடியைச் சேகரிக்கும்படி நீங்கள் வைக்காவிட்டால் அது உங்களுக்கு வராதுதான். ஆனால் படிவத்தைத் திறந்தவர், மேலே தன் மெயில் ஐடி இருப்பதைப் பார்ப்பார். அதோடு நேர்மை முடிந்தது. அந்த வசதியை எடுத்துவிடுங்கள், ஒருவர் இரண்டு முறை நிரப்பினால் நிரப்பிவிட்டுப் போகட்டும். பதில்கள் விழுகிற ஷீட்டில் ஒவ்வொரு வரிக்கும் நேரமும் பதிவாகும். ராத்திரி 2.10-க்கு, ஆறு பேர் மட்டும் இருக்கிற ஷிப்டில் இருந்து வந்த பதில் யாருடையது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். இதனால்தான் நான் எப்போதும் சொல்வது: பதில்கள் உங்கள் கைக்கே வரக்கூடாது. வெளியாள் ஒருவரிடம் போகட்டும். அவர் உங்களுக்குத் தொகுத்த அட்டவணையை மட்டும் தரட்டும். "நாங்கள் பார்க்க மாட்டோம்" என்பதைவிட "எங்களால் பார்க்க முடியாது" என்பதை ஆட்கள் நம்புவார்கள்.

துறை, வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருட அனுபவம், எந்த ஷிப்ட் என்று படிவத்தின் தலையில் ஐந்து கட்டம் போடுவது பலருக்கும் பழக்கம். இந்த ஐந்தையும் சேர்த்தால் அதுவே பெயர்தான். பராமரிப்புப் பிரிவு, பெண், பத்து வருடத்துக்கு மேல் என்றால் உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? எண்ணிப் பாருங்கள். துறை ஒன்று, அனுபவம் ஒன்று, இரண்டே போதும். அதையும் கடைசிப் பக்கத்தில் கேளுங்கள். ரிப்போர்ட்டில் எந்தப் பிரிவானாலும் பத்துப் பேருக்குக் குறைவாகப் பதில் தந்திருந்தால் தனியாகக் காட்டுவதில்லை என்று முன்பே எழுதி வையுங்கள். ஐந்து பேர் என்று வைப்பவர்களும் உண்டு, சந்தேகம் ஊறிப்போன இடத்தில் அது போதாது. இதில் கணக்குப் பொறி ஒன்றும் இருக்கிறது. ஒரு துறையில் 14 பேர், சராசரி மதிப்பெண் 3.5. அங்கே ஆண்கள் 11 பேரின் சராசரி 3.9 என்று வேறொரு பக்கத்தில் போடுகிறீர்கள். பெண்கள் மூன்று பேர்தான் என்பதால் அவர்களைக் காட்டவில்லை. ஆனால் 14 பேரின் மதிப்பெண்களையும் கூட்டினால் 49 (14 × 3.5), ஆண்களுடையது மட்டும் சுமார் 43 (11 × 3.9), மீதி 6. மூன்று பெண்களும் சராசரியாக 2 போட்டிருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் கழித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒன்றை மறைத்தால் அதோடு சேர்ந்த இன்னொன்றையும் மறைக்க வேண்டும்.

கேள்விகளை எழுதுவதற்கு முன் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928-ல் ஊழியர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேட்டி எடுக்கத் தொடங்கினார்கள். முதலில் தயாராக எழுதி வைத்த கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஆட்களோ அதற்குப் பதில் சொல்லாமல், தங்கள் மனதில் இருந்ததையே பேசினார்கள். பிறகு பேட்டி எடுத்தவர்கள் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கப் பழகினார்கள். இப்படி 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பேசி முடித்தார்கள். உங்களுக்கு அத்தனை வேண்டாம். ஷிப்டுக்கு ஏழெட்டுப் பேர், மேலதிகாரி யாரும் இல்லாமல், ஒரு மணி நேரம். "போன வாரத்தில் எரிச்சல் வந்தது எப்போது?" என்று தொடங்கினால் போதும். இணையத்தில் எடுத்த 72-ல் இல்லாத நாலு விஷயம் அங்கே கிடைக்கும். அதுவும் அவர்கள் வார்த்தையிலேயே.

வார்த்தை முக்கியம். இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு மொழியில் எழுதி மொழிபெயர்த்தவை. "என் மேலாளர் எனக்கு அதிகாரமளிக்கிறார்" என்று ஒரு படிவத்தில் இருந்ததைப் பார்த்து, "அதிகாரம் பண்றார்னு போடணுமா சார்?" என்று ஒருவர் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதையே "என் வேலையில் சின்னச் சின்ன முடிவுகளை யாரையும் கேட்காமல் நானே எடுக்கலாம்" என்று எழுதினால் குழப்பம் இல்லை.

இதைவிட மோசம், புரிந்த மாதிரி இருந்து வேறாகப் புரிவது. "இங்கே என் வேலை பாதுகாப்பாக இருக்கிறது" என்று நானே ஒரு முறை எழுதினேன். இயந்திரத்தில் கை மாட்டிக்கொள்ளாத பாதுகாப்பைத்தான் நினைத்து எழுதினேன். சோதனைக்கு உட்கார வைத்த எட்டுப் பேரில் ஐந்து பேர், வேலையைவிட்டுத் தூக்க மாட்டார்கள் என்ற பாதுகாப்பாக எடுத்துக்கொண்டார்கள். எட்டுப் பேரை வைத்துச் சோதித்திருக்காவிட்டால், விபத்து பயம் இல்லை என்று அழகாக ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருப்பேன். "மேலாளர்" என்ற சொல்லும் அப்படித்தான். உற்பத்திப் பிரிவில் ஒருவருக்கு அது ஷிப்ட் சூப்பர்வைசர், இன்னொருவருக்குத் துறைத் தலைவர். யாரைக் கேட்கிறீர்கள் என்பதைக் கேள்விக்கு மேலேயே எழுதிவிடுங்கள். எல்லாக் கேள்விகளையும் இப்படி எட்டுப் பேருக்குக் கொடுத்து, பதில் சொல்லச் சொல்லாமல், "இதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரு மத்தியானம்தான் செலவு.

மற்றபடி எழுதும்போது கவனிக்க வேண்டியவை சிலதான். "என் சூப்பர்வைசர் திறமையாகவும் நியாயமாகவும் நடந்துகொள்கிறார்" என்றால், திறமைசாலி ஆனால் ஆள் பார்த்து நடப்பவர் என்பதை எங்கே டிக் செய்வது? ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். குணத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்: "கடந்த ஒரு மாதத்தில் என் வேலையைப் பற்றி என் சூப்பர்வைசர் என்னோடு பேசியிருக்கிறார்." எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதைத் தடுக்க, நடுநடுவே கேள்வியைத் திருப்பிப் போடும் உத்தி பாடப்புத்தகங்களில் இருக்கும். தமிழில் அது "பயிற்சி கிடைக்கவில்லை என்பதை ஏற்கவில்லை" என்று இரட்டை எதிர்மறையில் போய் முடியும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவருக்கு அது தேவையா? நான் அதை விட்டுப் பல வருடமாகிறது. விடைக்கு ஐந்து படி வையுங்கள், முழுவதும் ஏற்கிறேன் என்பதிலிருந்து கொஞ்சமும் ஏற்கவில்லை என்பது வரை. ரென்சிஸ் லைக்கர்ட் 1932-ல் இதை முன்வைத்தார், இன்றும் ஓடுகிறது. "எனக்குத் தெரியாது" என்பதை நடுப்படியோடு கலக்காமல் தனிக் கட்டமாகக் கொடுங்கள். தெரியாதவரெல்லாம் மூன்றில் டிக் செய்தால் உங்கள் சராசரிக்கு அர்த்தமே இல்லை. கடைசியில் இரண்டே இரண்டு திறந்த கேள்விகள்: இங்கே எதை மாற்றக்கூடாது, முதலில் எதை மாற்ற வேண்டும்.

யாரிடம் கேட்பது என்றீர்கள். எல்லோரிடமும். 340 பேரில் குலுக்கல் முறையில் எடுத்து, 95 சதவீத நம்பகத்தோடு, அதாவது நூறு தடவை இப்படி எடுத்தால் 95 தடவை, உண்மைக்குக் கூடக் குறைய 5 சதவீதத்துக்குள் பதில் வேண்டும் என்றாலே 181 பேர் தேவை. அதுவும் அத்தனை பேரும் தவறாமல் பதில் சொன்னால். பாதிக்கு மேல் கேட்டுவிட்டு மீதியை விட்டால், விட்டுப்போனவர்கள் "நம்மை ஏன் கேட்கவில்லை" என்று காரணம் தேடுவார்கள். காண்ட்ராக்ட் ஆட்களையும் சேருங்கள், அவர்களும் அதே அட்டவணையைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

மெயில் ஐடி இல்லாதவர்களுக்குக் காகிதமே நல்லது. வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு, இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஷிப்ட் முடிந்து போகிற நேரத்தில் வாசலில் நின்று நீட்டாதீர்கள். சூப்பர்வைசர் எட்டிப் பார்க்க முடியாத அறை, பூட்டிய பெட்டி, எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா. படிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் படித்துக் காட்ட வெளியாள் இருக்கட்டும், நீங்களோ யூனியன் ஆளோ வேண்டாம். அலுவலகத்தாருக்கு லிங்க் அனுப்பலாம். இரண்டு வாரம் திறந்து வையுங்கள். நினைவூட்டல் எல்லோருக்கும் பொதுவாகவே போகட்டும், "நீங்கள் இன்னும் நிரப்பவில்லை" என்று ஒருவருக்குத் தனியாகச் செய்தி போனால் ரகசியம் அங்கேயே உடைந்துவிட்டது. இன்க்ரிமென்ட் கடிதம் கொடுக்கிற மாதத்தையும், ஆட்குறைப்புப் பேச்சு அடிபடும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

எத்தனை பேர் பதில் தந்தால் போதும் என்று அடுத்து கேட்பீர்கள். எண்ணிக்கையை வைத்து மட்டும் ஏமாறாதீர்கள். 340-ல் 204 பேர் பதில் தருகிறார்கள், அதாவது 60 சதவீதம், நல்ல எண்தான். அதில் 70 சதவீதம், 143 பேர், திருப்தி என்கிறார்கள். எம்.டி.க்கு "70 சதவீதம் திருப்தி" என்று எழுதுவீர்கள். வாய் திறக்காத 136 பேரும் அதிருப்தியில் இருந்தால் உண்மை 42 சதவீதம். அவர்களும் திருப்தி என்றால் 82. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. கேட்டவர்களின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் தப்பிக்கலாம் என்றால், 1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ல் ஜெயித்தார். சீட்டு போய்ச் சேர்ந்த ஆட்களும் சரி, திருப்பி அனுப்பியவர்களும் சரி, நாட்டைப் போல இருக்கவில்லை. ஆகவே எந்தத் துறையில் யார் எழுதவில்லை என்று பாருங்கள். இரவு ஷிப்டில் மட்டும் கால்வாசிப் பேர்தான் எழுதியிருக்கிறார்கள் என்றால், அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

கணக்குப் போடும்போது சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். பத்துப் பேரும் 3 போட்டாலும் சராசரி 3. ஐந்து பேர் 1, ஐந்து பேர் 5 போட்டாலும் சராசரி 3. முதலாவது சோர்ந்துபோன துறை, இரண்டாவது இரண்டாகப் பிளந்து கிடக்கிற துறை. ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் என்று காட்டுங்கள். சின்னக் குழுக்களில் "12 சதவீதம் குறைந்துவிட்டது" என்று பதறவும் வேண்டாம். எட்டுப் பேர் குழுவில் ஒருவர் மனம் மாறினாலே 12.5 சதவீதம். மற்ற நிறுவனங்களின் எண்ணோடு ஒப்பிடச் சொல்லி யாராவது வருவார்கள். முதல் வருடம் அது வேண்டாம்.

கையால் எழுதிய கருத்துகளை அப்படியே துறைத் தலைவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு நிறுவனத்தில், நான் எவ்வளவோ சொல்லியும், கருத்துகளை ஒரு வார்த்தை மாற்றாமல் டைப் செய்து கொடுத்துவிட்டார்கள். துறைத் தலைவர் தாளை ஒரு நிமிடம் பார்த்தார். "'அடிப்படையில்'னு எல்லா வாக்கியத்தையும் தொடங்குறவன் நம்ம ஆபீஸ்ல ஒருத்தன்தான்" என்றார் சிரித்துக்கொண்டே. மூன்று மாதத்தில் அந்தப் பையன் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டான். அதற்கப்புறம் அந்த நிறுவனத்தில் திறந்த கேள்விக்கு யாரும் எழுதியதில்லை, கட்டங்கள் வெள்ளையாகவே வந்தன. கருத்துகளை வெளியாள் படித்து, விஷயவாரியாகப் பிரித்து, தன் நடையில் சுருக்கித் தரட்டும்.

பாலியல் தொல்லை, திருட்டு, மிரட்டல் போன்றவை இந்தப் படிவத்தில் வந்தால் உங்களால் விசாரிக்க முடியாது, யார் எழுதினார்கள் என்றே தெரியாது. விசாரிக்காமல் இருப்பதும் சரியில்லை. எனவே படிவத்தின் முதல் பக்கத்திலேயே, அவசரமான புகார்களுக்கு யாரிடம், எப்படிப் போக வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

ரிசல்ட் வந்து ஒரு மாதத்துக்குள் ஊழியர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நல்லதும் கெட்டதும் ஒரே பக்கத்தில். மூன்று விஷயங்களைத் தேர்ந்தெடுத்து, எதை, யார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று போடுங்கள். ஏழெட்டு வேண்டாம், ஏழெட்டில் ஒன்றும் நடக்காது. முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். அதற்கு யாரும் அவ்வளவாகக் கோபித்துக்கொள்வதில்லை. ரிசல்ட்டைச் சொல்லாமல் விடுவதற்குத்தான் கோபம். குறைந்த மதிப்பெண் வாங்கிய சூப்பர்வைசர்களை மட்டும் கூட்டத்துக்கு முன்பே தனியாக உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள். அந்த எண்ணை அவருடைய அப்ரைசலில் சேர்க்க மாட்டோம் என்பதில் முதல் வருடம் உறுதியாக நில்லுங்கள். சேர்த்தால் அடுத்த முறை அவரே பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆறு மாதம் கழித்து அந்த மூன்று விஷயத்தைப் பற்றி மட்டும் ஐந்து கேள்வி கேளுங்கள். முழு சர்வேயை அடுத்த வருடம் அதே வார்த்தைகளில் எடுங்கள். ஏதாவது ஒரு கேள்வியில் சொல்லை மாற்ற நேர்ந்தால் மாற்றலாம், ஆனால் அந்தக் கேள்வியைப் போன வருடத்தோடு ஒப்பிடக்கூடாது.

இனி எம்.டி.யின் பதினைந்து நாள். அவர் கேட்டது ஒரு ரிப்போர்ட்தானே, கொடுத்துவிடலாம். இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் பழைய சர்வேயில் அதிகம் பேர் எழுதிய மூன்று குறைகளும், அவற்றில் எது எந்த நிலையில் இருக்கிறது என்பதும். இரண்டாம் பக்கத்தில் போன 31 பேரின் கட்டமும், பத்துப் பேர் போனில் சொன்னதன் சுருக்கமும். கடைசியில் அட்டவணையை எந்தத் தேதியிலிருந்து முன்கூட்டி ஒட்டலாம் என்பதற்கு உற்பத்தி மேலாளரின் சம்மதம், அதன் கீழே எம்.டி. கையெழுத்துக்குக் கொஞ்சம் இடம்.